தாம்போதிக்கு இஞ்சாலை

1

பிள்ளைகளே, போன மாதம் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் இருந்தபடி நான் ஒரு சொல்லில் தடக்கி விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்து இன்னும் சரியாக எழும்பவில்லை. ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்கு இந்த நாடு தெரியாது. இங்கே வளர்கிற பிள்ளைகளுக்கு அந்த ஊர் தெரியாது. இரண்டு பகுதிக்கும் விளங்கும்படி எழுதப் பார்க்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை கண்டால் திருத்தி வாசியுங்கள்.

நாங்கள் ஜேர்மனியில் ஒரு சின்ன நகரத்தில் இருக்கிறோம். பாண் செய்கிற தொழிற்சாலையில் எனக்கு வேலை. அங்கே மா குழைக்கிற இயந்திரத்தில் நிற்பவர் வேர்ணர். அவருக்குப் பழைய கார் என்றால் உயிர். ஒருமுறை அவருடைய காரின் இரைச்சலைக் காதால் கேட்டே காபரேற்றரைச் சரிபண்ணிக் கொடுத்தேன். அன்றிலிருந்து தன் கூட்டத்துக்கு என்னையும் பக்கத்து சீற்றில் ஏற்றிக்கொண்டு போவார். பன்னிரண்டு பழைய கார்க்காரர்கள். கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓரிடத்தில் கூடி, வரிசையாக ஆற்றங்கரைத் தெருவில் ஓட்டிப்போய், சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். எங்கே கூடுவது, எந்தப் பாதையால் போவது என்று ஒருவர் எழுதி மற்றவர்களுக்குத் தபாலில் அனுப்பவேண்டும். இந்த வருடம் அது வேர்ணரின் முறை. அவர் என் தோளில் தட்டி, நீயே இடத்தைப் பார்த்து எழுது என்றார்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஊரில் இதே வேலையைச் செய்தவர்கள் நாங்கள்.

அவர்களின் மொழியை ஒருமாதிரிப் பேசுவேன், எழுத ஏலாது. அரசாங்கக் கந்தோர்க் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம் எல்லாம் எழுதித் தருவது வதனிதான். அவளுக்குப் பன்னிரண்டு வயது. எங்களோடுதான் வளர்கிறாள், என்னை மாமா என்பாள். என் மகன் கஜனுக்கு ஒன்பது. அவனிடம் தமிழில் கேட்டால் ஜேர்மனில் பதில் வரும். வதனியிடம் இன்னும் எங்கள் தமிழ் இருக்கிறது, ஆனால் அதிலும் அங்கங்கே ஓட்டை விழுந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தால் வந்த பின்னேரம் அவளை மேசையில் இருத்தி நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்.

"ஞாயிற்றுக்கிழமை காலமை ஒன்பது மணிக்கு எல்லாரும் ஆத்துப் பாலத்துக்கு இஞ்சாலை வந்து நிக்கவும்."

பேனை நின்றது. "இஞ்சாலை எண்டா?"

"இஞ்சாலை எண்டா இந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம்தான் பிள்ளை. நாங்கள் இருக்கிற பக்கம்."

"மாமா, ஏழு பேர் ஆத்துக்கு அங்கால இருந்தெல்லோ வருகினம். அவைக்கு அதெல்லோ இஞ்சாலை." அவள் கடுதாசியை விட்டுத் தலை நிமிர்த்தவில்லை. "ஆருக்கு இஞ்சாலை எண்டு எழுதாட்டி அரைவாசிப் பேர் அங்க நிப்பினம், அரைவாசிப் பேர் இஞ்ச நிப்பினம்."

நான் எழும்பிப் போய் பைப்பைத் திறந்துவிட்டு அதன் முன்னால் நின்றேன். எதற்குத் திறந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"மாமா, தண்ணி சும்மா போகுது," என்றாள் வதனி.

2

எங்கள் ஊர் புளியங்கூடல். ஊர்காவற்றுறைக்குப் போகிற வழியில் இருக்கிறது. தீவுதான், ஆனாலும் வள்ளம் ஏறாமல் காரில் பட்டினத்துக்குப் போகலாம். மண்டைதீவிலிருந்து யாழ்ப்பாணம் வரை கடலுக்குள்ளால் கல்லும் மண்ணும் போட்டு உயர்த்திய நீளத் தெரு ஒன்று கிடக்கிறது. அதைத் தாம்போதி என்போம்.

என்னிடம் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. பேரின்பம் என்ற இன்பண்ணையிடம் ஒஸ்ரின் ஏ40. அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். இரண்டு பேரும் வாடகைக்கு ஓடினோம். இன்பண்ணையின் மனைவி காய்ச்சலில் போனபோது அவர்களின் மகளுக்கு மூன்று வயது. அந்த மகள்தான் வதனி. "தனியாளாய் நிண்டு ஒரு பிள்ளையையும் ஒரு காரையும் வளர்க்கிறார்" என்று ஊரில் பகிடி விடுவார்கள். அவரும் சிரிப்பார்.

ஊர்காவற்றுறையிலிருந்து வேலணை வரை ஐந்து கார்க்காரர்கள் ஒரு கூட்டமாக இருந்தோம். நயினாதீவுத் தேருக்கு ஒவ்வொரு வருடமும் ஒன்றாகப் போவோம். நடக்க ஏலாத கிழவன் கிழவிகளைக் காசில்லாமல் ஏற்றிக்கொண்டு குறிகட்டுவான் துறை வரை வரிசையாக ஓட்டுவது. ஒழுங்கு எல்லாம் இன்பண்ணை. வயது கூடின கார் முன்னுக்கு, ஆரும் ஆரையும் முந்தக்கூடாது, முந்தினவன் துறையில் எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கவேண்டும்.

கூடுகிற இடத்தை ஒருவரும் எழுதியதில்லை. "நாளைக்கு விடிய மதவடிக்கு இஞ்சாலை" என்று ஒருவர் மற்றவருக்குச் சொன்னால் போதும். மதவு என்றால் தெருவுக்குக் கீழால் மழைத்தண்ணீர் போகிற சின்னப் பாலம். பிந்தி வருவது எப்போதும் நான்தான்.

"மொறிஸ்காரர் வந்திட்டார்," என்பார் இன்பண்ணை. "தள்ளுறதுக்கு ஆள் ஏத்தியாச்சோ?"

"ஏத்தியாச்சு அண்ணை. உங்கட காரையும் சேர்த்துத் தள்ளத்தான் ரெண்டு பேரைக் கூட ஏத்தினனான்."

"அப்ப உந்த ஆச்சிமாரை இறக்கிப்போட்டு அவையளை ஏத்தும். தேர் பார்க்கிறதை விட அதுதான் வேடிக்கையாய் இருக்கும்."

ஆச்சிமார் உள்ளே இருந்து ஏசுவார்கள். அப்படியே புறப்படுவோம்.

பிறகு தீவுக்குள் பெற்றோல் வருவது நின்றது. மண்ணெண்ணெயில் ஓடப் பழகினோம். போனற்றுக்குள் ஒரு சேலைன் போத்தலைக் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து நாலு துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, எழும்பினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. தெருவெல்லாம் புகை. அப்படியும் ஒரு வருடம் தேருக்குப் போனோம். இஞ்சாலை என்ற சொல் அந்தக் காலம் முழுவதும் எங்களை ஒருநாளும் ஏமாற்றவில்லை. எல்லாரும் ஒரே பக்கத்தில் இருந்தபடியால் ஒருவருக்கு இஞ்சாலை என்றால் எல்லாருக்கும் இஞ்சாலைதான். இது இப்போது எனக்கு விளங்குகிறது. அப்போது விளங்கவில்லை.

3

தொண்ணூற்றொன்றாம் வருடம் ஐப்பசியில், ஆமி தீவுக்குள் இறங்கப்போகிறது என்று கதை வந்தது. கதை வர முதலே சனம் வெளிக்கிடத் தொடங்கிவிட்டது. எங்கள் கூட்டத்தில் மூன்று பேர் காரோடு பட்டினப் பக்கம் வந்துவிட்டார்கள். நானும் மனைவியையும் கஜனையும் கூட்டிக்கொண்டு கொக்குவிலில் மனைவியின் தமக்கை வீட்டுக்கு வந்தேன். வதனியையும் என்னோடுதான் இன்பண்ணை அனுப்பினார்.

"நீர் பிள்ளையைக் கொண்டுபோம்," என்றார். "ஊரில நாலைஞ்சு கிழடுகள் மிச்சம் இருக்குதுகள். அதுகளை ஏத்தி இறக்கிப்போட்டு வாறன். பிந்தமாட்டன். நான் என்ன நீரே?"

இரண்டு கிழமை அவர் அங்கேயே ஓடினார். ஊரிலிருந்து மண்டைதீவில் தாம்போதி தொடங்குகிற இடம் வரை ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவார். இதற்கிடையில் சாவகச்சேரிப் பக்கம் எல்லாக் காரும் நிற்கக்கூடிய ஒரு தென்னங்காணி எனக்குக் கிடைத்தது. வழியில் ஏதாவது ஒன்று நின்றால் மற்றது கட்டி இழுக்கவேண்டும், ஆனபடியால் ஐந்து காரும் ஒன்றாகத்தான் போவது என்று முடிவு. எங்கே கூடுவது என்று இன்பண்ணைக்கு நான் கடுதாசி எழுதினேன். மண்டைதீவில் மீன் எடுத்துச் சைக்கிளில் பட்டினத்துக்குக் கொண்டுவந்து விற்கிற செபமாலையிடம் கொடுத்துவிட்டேன். அவர் இன்பண்ணையை அங்கே அன்றாடம் காண்பவர்.

அந்தக் கடுதாசி முழுவதும் எனக்கு மனப்பாடம். மூன்று வரிதான்.

"அண்ணை, வெள்ளிக்கிழமை விடிய ஏழு மணிக்குத் தாம்போதிக்கு இஞ்சாலை வந்து நில்லுங்கோ. எல்லாக் காரும் வரும். பிள்ளையும் வாறாள்."

வெள்ளிக்கிழமை விடிய நாலு காரும் தாம்போதியின் பட்டினப் பக்க முனையில் போய் நின்றோம். வதனி என் காரில் இருந்தாள். ஏழு மணி ஆனது, எட்டு ஆனது. தீவுப் பக்கம் குண்டுச் சத்தம் கேட்கத் தொடங்கியது. பிறகு சனம் தாம்போதியால் வந்தது. சைக்கிளிலும், நடந்தும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியும் வந்தார்கள். நான் இரண்டு மூன்று பேரை மறித்து, ஏ40 கார் ஒன்றைக் கண்டீர்களா என்று கேட்டேன்.

"காரோ?" என்றார் ஒருவர், நிற்காமலே. "நாங்கள் உயிரைப் பார்த்துக்கொண்டு வாறம் தம்பி, காரை ஆர் பார்த்தது?"

நான் அக்கரையைப் பார்த்தேன். தூரத்தில், தாம்போதி முடிகிற இடத்தில், வெயிலுக்கு ஏதோ ஒரு கண்ணாடி மினுங்கியது. ஆரோ நிற்கிறார்கள் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன், பிள்ளைகளே.

அந்தப் பக்கம் போய்ப் பார்ப்பம் என்று காரை எடுத்தபோது காவலுக்கு நின்ற இயக்கப் பெடியன்கள் விடவில்லை. வருகிறவர்கள் மட்டும் வரலாம், ஒருவரும் போக ஏலாது என்றார்கள். பத்து மணிக்குப் பிறகு வருகிறவர்களும் குறைந்தார்கள். மற்றக் கார்க்காரர்கள் போவம் போவம் என்று அவசரப்பட்டார்கள். எனக்குப் பயம், பசி, கோபம். அந்தக் கோபத்தில், பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் மனதை யோசிக்காமல், தகப்பனைப் பற்றி அவளிடமே வாய்விட்டுச் சொன்னேன்:

"கொப்பருக்குக் காரை விட்டிட்டு வர மனமில்லை. எங்கையோ நிண்டு துடைச்சுக்கொண்டு நிப்பார்."

ஊரில் வழக்கமாக விடுகிற பகிடிதான். வதனிக்கு அப்போது எட்டு வயது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நாங்கள் அவ்விடத்தை விட்டுப் போனோம்.

4

எட்டு நாள் கழித்துச் செபமாலையைக் கண்டேன். தீவுச் சனம் தங்கியிருந்த பள்ளிக்கூடம் ஒன்றில், கதிரை மேசைகளை ஒதுக்கிவிட்டுப் பாயில் இருந்தார். தாம்போதி மூடுபட்ட பிறகு பெண்சாதி பிள்ளைகளோடு வள்ளத்தில் குருநகருக்கு வந்து சேர்ந்தவர்.

"இன்பண்ணையைக் கண்டனீரோ?" என்று கேட்டேன்.

"கண்டனான். விடியப்புறமே காரைக் கொண்டுவந்து விட்டிட்டு எங்கட பக்கத்து முனையில நிண்டவர். பிறகு நாங்கள் வள்ளத்துக்கு ஓடேக்கையும் அங்கதான் நிண்டவர். வாங்கோ அண்ணை, ஏறுங்கோ எண்டு கையில பிடிச்சு இழுத்தனான். உம்மட கடுதாசியை எடுத்துக் காட்டினார். 'இஞ்சாலை நிக்கச் சொல்லி எழுதியிருக்கு, நான் இஞ்சாலைதானே நிக்கிறன்' எண்டார். வா அண்ணை எண்டு திரும்பவும் இழுத்தனான். 'பிள்ளை வாறாளாம். வந்து என்னைக் காணாட்டி ஏங்கிப்போவாள்' எண்டார்."

நான் கொக்குவிலில் இருந்து எழுதினேன். எனக்குப் பட்டினப் பக்கம் இஞ்சாலை. அவர் மண்டைதீவில் இருந்து வாசித்தார். அவருக்கு அவர் நின்ற கரை இஞ்சாலை. மிஞ்சின கிழடுகளை ஏற்ற நாங்கள் எல்லாரும் காரோடு அந்தப் பக்கம் வருகிறோம் என்று அவர் நினைத்திருப்பார். நினைக்கக்கூடியதுதான்.

அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. காணாமற் போனவர்களைத் தேடுகிற இடங்களுக்கு எழுதினேன். இங்கே வந்த பிறகும் எழுதினேன். உங்கள் கடிதம் கிடைத்தது என்று மட்டும் பதில் வரும்.

இந்த நாட்டுக்கு வந்து பதிகிற கந்தோரில், மொழிபெயர்க்கிறவர் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். இரண்டு என்றேன். மாற்றிச் சொல்லியிருந்தால் வதனியை எங்களிடமிருந்து பிரித்துவிடுவார்கள் என்று பயந்தேன். தகப்பன் பெயர் எழுதுகிற கட்டத்தில் என் பெயர் ஏறியது. இங்கே தகப்பன் பெயர்தான் பிள்ளைக்குக் குடும்பப் பெயர். பள்ளிக்கூடத்தில் அவளை என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். கடுதாசியில் அவரை அக்கரையில் நிற்பாட்டியவனும் நான், கடுதாசியில் அவருடைய இடத்தில் ஏறி இருந்தவனும் நான்.

விமானத்தில் வரும்போது வதனி ஒரே ஒருமுறை கேட்டாள்: "அப்பா காரை வித்திட்டு வருவாரோ?"

"ஓம்," என்றேன்.

அதன்பிறகு அவள் கேட்கவில்லை. வேர்ணர் தன் காரோடு வீட்டுக்கு வந்தால் கஜன் ஓடிப்போய் ஏறுவான். வதனி தன் அறைக்குப் போய்விடுவாள். எனக்குப் பழைய கார் பிடிக்காது என்பாள். ஏன் என்று எனக்குத் தெரியும். தகப்பன் தன்னை விடக் காரைத்தான் பெரிதாக நினைத்தவர் என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையை அவளுக்குக் கொடுத்தது நான். நாலு வருடம் அதை அப்படியே இருக்க விட்டேன். அது இருக்கும் வரைக்கும் என் பிழை வெளியில் வராது.

5

பைப்பைப் பூட்டிவிட்டு வந்து, இன்றைக்குப் போதும் பிள்ளை என்று நிறுத்திவிட்டேன். அடுத்த நாள் வேலையிலும் அவளுடைய கேள்வியே காதில் கேட்டது. ஆருக்கு இஞ்சாலை? வளர்ந்த ஆட்கள், தெரு அறிந்த சாரதிகள், எங்களில் ஒருவருக்கும் அந்த நேரம் தோன்றாத கேள்வி.

வீட்டுக்கு வந்து மனைவியிடம், சொல்லப்போகிறேன் என்றேன்.

"இஞ்சாருங்கோ, நாலு வருசமாச் சொல்லேல்லை," என்றாள் அவள். "இப்ப சொல்லி ஆருக்கு என்ன?"

"அவளுக்கு," என்றேன்.

மனைவி கஜனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். வதனி அதே மேசையில் வந்து இருந்தாள். நான் கடுதாசியில் இரண்டு கரையையும் கோடு போட்டுக் காட்டி, இந்த முனையில் நாங்கள், அந்த முனையில் அப்பா என்று எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடி மினுங்கினதையும் சொன்னேன். செபமாலை சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

அவள் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அப்பா வந்தவரோ?"

"வந்தவர். சொன்ன நேரத்துக்கு முதலே வந்தவர்."

"எவ்வளவு நேரம் நிண்டவர்?"

"தெரியாது பிள்ளை."

"நீங்கள் எவ்வளவு நேரம் நிண்டனீங்கள்?"

"பன்ரெண்டு மணி மட்டும்."

"அப்பா அதுக்குப் பிறகும் நிண்டிருப்பார்."

அது கேள்வி இல்லை.

"காருக்காக நிக்கேல்லை," என்றாள்.

"காருக்காக இல்லை."

"காருக்காக எண்டு சொன்னது நீங்கள்."

"ஓம். நான்தான் சொன்னனான்."

கதிரையைச் சத்தமில்லாமல் தள்ளி வைத்துவிட்டுப் போனாள். அழுதிருந்தால் நான் ஏதாவது செய்திருப்பேன். என்ன செய்வது என்று தெரியாமல் அவள் கதிரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

6

அடுத்த நாள் காலை, நான் பாணுக்கு பட்டர் பூசிக்கொண்டு நிற்கும்போது அவள் வந்து ஜேர்மனில் பேசினாள். கடிதத்தை முடித்து வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போடுங்கள் என்றாள்.

ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்கு இதை விளக்கவேண்டும். ஜேர்மனில் வீட்டு ஆட்களையும் சிநேகிதரையும் அழைக்க ஒரு சொல், வெளி ஆட்களை அழைக்க வேறு ஒரு சொல். எங்கள் தமிழில் நீங்கள் என்றால் மரியாதை, அதில் அன்பும் இருக்கும். அவர்களின் அந்த வெளிச்சொல்லைத் தகப்பனுக்கோ மாமனுக்கோ ஒரு பிள்ளை சொல்லாது. கந்தோர்க்காரருக்குச் சொல்வது அது. வதனி எனக்கு அதைச் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. மட்டுமரியாதையோடு சொன்னாள். கஜன் சாப்பாட்டை விட்டுவிட்டு அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

பதினொரு நாள் அவள் என்னோடு ஒரு சொல் தமிழில் கதைக்கவில்லை. மனைவியோடு கதைப்பாள். என்னிடம் அந்த வெளிச்சொல்தான். நான் மறுத்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

இடையில் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடிதத்தில் அவள் பாலத்தின் எந்தக் கரை, எந்தக் கடைக்கு முன்னால், தெருவுக்கு எந்தப் பக்கம் என்று பிழை விட ஏலாதபடி எழுதியிருந்தாள். ஒன்பது மணிக்கு முதலே பன்னிரண்டு காரும் வந்துவிட்டன. ஒவ்வொன்றாக வரும்போது நான் விரல் மடக்கி எண்ணிக்கொண்டு நின்றேன். எல்லாரும் என் கையைப் பிடித்து, நல்ல ஒழுங்கு என்றார்கள். வேர்ணர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஓம் என்று சொல்லி ஏறி இருந்தேன். ஆறு நல்ல வடிவாக இருந்தது என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் பின்னேரம் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வதனி தன் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அப்பாவின்ர கார் என்ன நிறம்?"

தமிழில் கேட்டாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவாள் என்று பயம்.

"சாம்பல். மேல்பக்கம் வெள்ளை. வெள்ளை அவர் தானே அடிச்சது."

"உள்ளுக்கு?"

"உள்ளுக்குச் சிவப்பு. பின் சீற் கிழிஞ்சு போய்த் துணி வைச்சுத் தைச்சிருந்தது. முன் சீற்றில உனக்கெண்டு ஒரு பலகை அடிச்சு வைச்சிருந்தவர். அதுக்கு மேல சாக்கு வைச்சு, சாக்குக்கு மேல சீற்றுத் துணி. நீ இருந்தா வெளியில பார்க்க உயரம் காணாதெண்டு. வாடகைக்கு ஆள் ஏறினாலும் அந்தப் பலகையைக் கழட்டமாட்டார். ஆக்கள் ஏசி ஏசித்தான் அதில இருப்பினம்."

சப்பாத்துக் கயிறு என் கையில் சிக்குப்பட்டுக் கிடந்தது.

"அதில இருந்து கடல் பார்த்தது ஞாபகம் இருக்கு," என்றாள். "பலகை எண்டு தெரியாது. நான் உயரம் எண்டுதான் நினைச்சனான்."